பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்களா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறார்கள் என் அக்கா வீட்டார். அவள் மகளுக்கு 11 வயது. லீவுக்குக் கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வந்தவள், சித்தப்பா தன்னிடம் தப்பாக நடப்பதாகச் சொல்லி அழுதாள். "அறுப்பு முடியட்டும், பெரியவர்களை வைத்துப் பேசிக்கலாம்" என்கிறார்கள் அக்கா வீட்டார். புகார் கொடுத்தால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்களா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவள் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறாள், அம்மா. அந்த வீட்டுக்கு இப்போது திருப்பி அனுப்பாதீர்கள். "நீ சொன்னதை நம்புறேன், உன் மேல எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். என்ன நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்டுத் துளைக்க வேண்டாம்.

அறுப்பு வரைக்கும் காத்திருக்க முடியாது. இதைப் பெரியவர்கள் பேசி முடிக்கவும் முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். குற்றம் நடந்தது வேறு மாவட்டம் என்று சொல்லி, கும்பகோணத்தில் கொடுக்கும் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். டெல்டா கிராமங்களில் பல குடும்பங்கள் வாயை மூடிக்கொள்வது இந்த ஒரு பயத்தால்தான். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே வீட்டில் இருப்பதால், பிள்ளையை அங்கிருந்து விலக்கி வைக்க வேண்டுமா என்று குழு மூன்று நாளுக்குள் முடிவெடுக்கும். அப்போது பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பார்கள். அவள் நம்புகிற உறவினர் யாராவது பார்த்துக்கொள்ளத் தயாரா என்றும் பார்ப்பார்கள். அந்த உறவினர் நீங்களாக இருக்கலாம். "என்னிடம் இருக்கட்டும்" என்று குழுவிடம் நீங்களே தெளிவாகச் சொல்லுங்கள். ஹோம் என்பது பாதுகாப்பான வேறு இடம் இல்லாத பிள்ளைக்குத்தான்.

வாக்குமூலத்தை அவள் இருக்கும் வீட்டிலேயே, சீருடை இல்லாமல், முடிந்தவரை பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும். பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் பரிசோதிப்பது பெண் டாக்டர்; நீங்கள் உடன் இருக்கலாம். வலி, காயம் ஏதும் இருந்தால் எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள், சிகிச்சை இலவசம்.

ஆதரவு நபர் ஒருவரைக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். பலருக்கு இப்படி ஒருவர் உண்டு என்பதே தெரிவதில்லை. விசாரணை முதல் தீர்ப்பு வரை அவர் பிள்ளையுடன் வருவார். கவுன்சலிங், பள்ளி, இழப்பீடு எல்லாவற்றுக்கும் வழி காட்டுவார். சாப்பாடு, துணி, பஸ் செலவு போன்ற உடனடித் தேவைக்கும் குழு பரிந்துரைத்தால் பணம் கிடைக்கும். கோர்ட்டில் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. பெயரோ படமோ வெளியே வரக் கூடாது. அதனால் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

உங்கள் அக்கா அந்த வீட்டில்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. தயங்குவார், உங்கள் மேல் கோபப்படவும் செய்வார். சண்டை போடாதீர்கள், அவருக்கும் கவுன்சலிங் வேண்டும் என்று குழுவிடம் கேளுங்கள். ஆனால் அவர் சம்மதிக்கட்டும் என்று 1098-க்குப் போன் செய்வதைத் தள்ளிப் போடாதீர்கள். புகார் கொடுக்க அவர் சம்மதம் தேவையில்லை.