காட்டு வான்கோழி வேட்டை: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சிறு வயதிலிருந்தே பறவை வேட்டைக்குப் போகிறவன் நான். வசந்தத்தில் வான்கோழி வேட்டை. கோடையில் மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறைக்காகக் குஞ்சு எண்ணும் தன்னார்வ வேலை. வந்த கேள்விகளில் சில.

அண்ணா, எங்கள் ஊர்ப் பண்ணையில் வான்கோழி ஆளைத் துரத்திக்கொண்டு வரும். அதைச் சுட என்ன பெரிய திறமை வேண்டும்?

தம்பி, பண்ணைக் கோழியை மறந்துவிடுங்கள். காட்டு வான்கோழி இரவில் உயரமான மரத்தில் அடையும். நீங்கள் மூக்கைச் சொறிந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும்.

விடியுமுன் போய், ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். கையில் சின்ன மரப்பெட்டி, அதன்மேல் துடுப்பு மாதிரி ஒரு மூடி. மூடியின் அடியில் சாக்பீஸ் தடவி, பெட்டி விளிம்பில் மெதுவாக உரசினால் பெட்டைக்கோழியின் குரல் வரும். சிக்கல் என்னவென்றால், இயற்கையில் சேவல்தான் கூவும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் சேவலை வரச் சொல்கிறோம். அது பாதி தூரம் வந்து, தோகையை விரித்து, "நீயே வா" என்று நின்றுவிடும். அப்போது ஆசைப்பட்டு மறுபடி மறுபடி பெட்டியை உரசுகிறவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்.

சிவப்புச் சட்டை போடக்கூடாதாமே?

கூடவே கூடாது. வெள்ளை, நீலமும் வேண்டாம். சேவலின் தலை இந்த மூன்று நிறமும் கலந்தது. புதருக்குள் உங்கள் கைக்குட்டையைப் பார்த்து இன்னொருவர் சுட்டுவிடலாம்.

ஐயா, பறவைமேல் பாசம் என்கிறீர்கள், சுடவும் செய்கிறீர்கள். எப்படி?

நியாயமான கேள்வி. 1950களின் தொடக்கத்தில் மிசௌரியில் மிஞ்சியவை 2,500-க்கும் குறைவு. அளவில்லாத வேட்டையும் காடழிப்பும்தான் காரணம். பண்ணையில் வளர்த்தவற்றைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். தாய்க்கோழியிடம் பழகாத அவை பிழைக்கவில்லை. பிறகு மக்காச்சோளம் தூவி, கூட்டம் கூடியதும் வெடிமருந்தால் வலையை அவற்றின்மேல் பாயவிட்டு, காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அது பலித்தது. 1960-இல் மூன்று நாள் மட்டும் வேட்டைக்கு அனுமதி, விழுந்தவை 94. பின்னாளில் இங்கிருந்து வான்கோழிகள் கென்டக்கி மாநிலத்துக்குப் போக, பதிலுக்கு அவர்கள் வாங்கித் தந்த லூசியானா மாநில நீர்நாய்கள் மிசௌரி ஆறுகளுக்கு வந்தன!

செலவுக்குப் பணம்? 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் ரவைக்கும் 11 சதவீத வரி. அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. அதனால் கொல்வது சரியாகிவிடுமா என்றால், அதில் நீங்களும் நானும் ஒத்துப்போக வேண்டியதில்லை. சுட்டதை வீணாக்காமல் தின்கிறேன்.

குஞ்சு எண்ணி என்ன ஆகப்போகிறது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கண்ணில் படும் பெட்டைகள் எத்தனை, கூட வரும் குஞ்சுகள் எத்தனை என்று குறித்து அனுப்புவோம். ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு தேறியது என்பதிலிருந்து அந்த வருடம் எப்படி என்று தெரிந்துவிடும். பெட்டை தரையில்தான் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். முட்டை திருடும் ரக்கூன் என்ற சிறு விலங்கும் பாம்பும் சும்மா இருக்குமா? பொரித்த குஞ்சுகள் முதல் இரண்டு வாரம் மரம் ஏற முடியாமல் தாயின் இறகுக்கடியில் தரையிலேயே தூங்கும். அந்த நேரத்தில் விடாத மழை பெய்தால் அவ்வளவுதான். உயரமான புல்லுக்குள் தாயின் தலை மட்டும் தெரியும். வண்டியை நிறுத்தி, அது சாலையைக் கடக்கும்வரை காத்திருந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும்.

இந்தியா வந்தால் வேட்டைக்குப் போவீர்களா?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது, விடவும் வேண்டாம். பைனாகுலரோடு வேடந்தாங்கல் போவேன்.

அங்கிள், கறி எப்படி இருக்கும்?

நெஞ்சுக்கறி மென்மை, மெல்லிசாக வெட்டி மிளகு போட்டு வறுத்தால் போதும். காலில் நரம்பு அதிகம். அதைக் குக்கரில் நிறைய விசில் விட்டு, எலும்பிலிருந்து உதிர்த்து, அப்புறம் குழம்பில் போடுங்கள்.