பதினேழாம் நம்பர் ஆடு

வணக்கம் சார்,

சென்ற வாரம் நண்பன் ஒருவன் வற்புறுத்தி 'தி மென் ஹூ ஸ்டேர் அட் கோட்ஸ்' படத்தைப் பார்க்க வைத்தான். ஜார்ஜ் க்ளூனி ஆட்டை முறைத்துச் சாய்க்கிறார், வண்டி ஓட்டிக்கொண்டே மேகத்தை முறைத்துக் கலைக்கப் போய்ப் பாறையில் மோதுகிறார். சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் தேடிப் பார்த்தால், மனோசக்தியை ராணுவத்துக்கும் உளவுக்கும் பயன்படுத்த அமெரிக்கா முயன்றது உட்பட, இதில் நிறைய நிஜம் என்கிறார்கள். "அமெரிக்காக்காரன் இருபத்துமூன்று வருஷம் பணம் போட்டிருக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருந்திருக்கத்தானே வேண்டும்? நம்ம சித்தர்கள் அப்பவே செய்ததுதானே இது" என்கிறான் நண்பன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, படம் ஏன் இரண்டாம் பாதியில் அப்படிச் சப்பென்று ஆகிவிடுகிறது?

க., திருச்சி

அன்புள்ள க.,

கடைசியாகக் கேட்டிருப்பதுதான் நல்ல கேள்வி. அதற்குப் போகும் முன் எது நிஜம் என்று பார்த்துவிடலாம்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். படத்தின் முதல் காட்சியில் ஒரு ஜெனரல் மேஜையிலிருந்து எழுந்து ஓடிப்போய்ச் சுவரில் மோதிக்கொள்கிறார். திரைக்கதைக்காக யாராவது கற்பனை செய்திருந்தால் கொஞ்சம் ஓவர் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் 1983-இல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் மேஜர் ஜெனரல் ஆல்பர்ட் ஸ்டபிள்பைன் தன் அலுவலகச் சுவரில் இதைச் செய்து பார்த்தார். அமெரிக்கத் தரைப்படையின் உளவுத்துறைத் தலைவர் அவர். அவருடைய தர்க்கம் எளியது. அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம். நானும் அணு, சுவரும் அணு. வெற்றிடத்துக்குள் வெற்றிடம் நுழைவதில் என்ன தடை? மூக்கில் அடிபட்டதுதான் மிச்சம். பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் ரான்சன் 2004-இல் எழுதிய புத்தகம் இந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. 2009-இல் வந்த உங்கள் படத்துக்கு மூலமும் அதுதான். சுவரில் மோதிய நாளில் அந்த மனிதருக்குக் கீழே 16,000 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்று போனது அந்த எண்ணைப் படித்தபோதுதான்.

ஆடுகளும் நிஜம். வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் என்ற பெரிய ராணுவ முகாம். சிறப்புப் படையின் மருத்துவ உதவியாளர்கள் காயத்துக்குச் சிகிச்சை செய்யப் பழகுவதற்காக அங்கே ஆடுகளை வைத்திருந்தார்கள். கத்தி ஊரைக் கூட்டாமலிருக்க அவற்றின் குரலை எடுத்துவிட்டார்களாம். முறைத்துக் கொல்லும் யோசனை பின்னால் வந்தது. தயாராக ஆடு இருந்ததால் ஆடு, வேறு தத்துவம் ஏதும் இல்லை. அதில் வெற்றி பெற்றதாகச் சொல்லிக்கொண்ட தற்காப்புக் கலை ஆசிரியர் ஒருவரை ரான்சன் சந்திக்கிறார். எண் போட்ட முப்பது ஆடுகள். அவர் மனதை ஒருமுகப்படுத்தியது பதினாறாம் நம்பர் ஆட்டின் மேல். விழுந்தது பதினேழு. இதை அவரே சொல்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். குறி தவறினாலும் ஆயுதம் வேலை செய்தது என்பது அவர் கணக்கு.

ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்த நீண்ட தலைமுடிப் பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார், லெஃப்டினன்ட் கர்னல் ஜிம் சானன். வியட்நாமில் போரிட்டுத் திரும்பியவர். எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் முளைத்திருந்த தியான மையங்கள், வெந்நீர்த் தொட்டிகள், ஆளை ஆள் கட்டிப்பிடித்து அழும் முகாம்கள் எல்லாவற்றையும் ராணுவத்தின் செலவிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு, 1979-இல் 'முதல் பூமிப் படைப்பிரிவு' என்றொரு கையேடு போட்டார். அதில் வரும் வீரன் எதிரி மண்ணில் கையில் ஆட்டுக்குட்டியோடு இறங்குவான், கண்ணில் ஒளி மின்ன வணக்கம் சொல்வான், உடம்பில் கட்டிய ஒலிபெருக்கியில் இதமான இசை வைப்பான். அது பலிக்காவிட்டால் காதைக் குடையும் இரைச்சல் வைப்பான். இந்த இரைச்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன். எனக்கு சானன் மேல் கோபம் வருவதில்லை. ஒரு தோற்ற போரிலிருந்து வந்தவன் கொல்லாமல் ஜெயிக்க வழியுண்டா என்று தேடியிருக்கிறான். தேடிய இடம்தான் விநோதம்.

சரி, இதற்கெல்லாம் யார் பணம் கொடுத்தது, ஏன்? படத்திலேயே ஒரு வசனமாகப் போகிற போக்கில் வந்துவிடுகிறது, கவனித்தீர்களா தெரியவில்லை. 1960-இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை, அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸுக்குக் கரையிலிருந்து மனோசக்தியால் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள் என்று எழுதியது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அமெரிக்கக் கடற்படை மறுத்தது. மறுத்தால் சோவியத்காரன் நம்புவானா? லெனின்கிராடில் லியோனிட் வசிலியேவ் என்ற உடலியலாளர் அந்தச் செய்தியைக் காட்டியே இத்துறையில் நாம் பின்தங்கக் கூடாது என்று வாதாடினார், ஆய்வகமும் கிடைத்தது. பத்து வருடம் கழித்து, சோவியத்தில் இப்படியெல்லாம் ஆராய்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்து பரபரப்பானது. 1972-இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சுமார் 50,000 டாலர் கொடுத்து இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தது. ஆக, அமெரிக்கா துரத்தியது தன்னைப் பற்றிய வதந்தியின் நிழலை. எதிரி செய்கிறான் என்பதால் நாமும், நாம் செய்கிறோம் என்பதால் அவனும். இதில் யாருக்கும் தனிப்பட்ட நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமே இல்லை பாருங்கள். "ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்?" என்று ஒரு ஃபைலில் எழுதினால் போதும். அதற்குக் கீழே 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குத் தைரியம் வரும்?

இப்போது உங்கள் நண்பரின் வாதம். அந்த நிறுவனத்தில் இதை நடத்தியவர்கள் ரஸ்ஸல் டார்க், ஹெரால்ட் புட்டாஃப் என்ற இரண்டு லேசர் இயற்பியலாளர்கள். சோதனை இப்படி நடக்கும். ஒருவர் காரில் எங்கோ போய் நிற்பார். அறைக்குள் பூட்டப்பட்ட 'பார்வையாளர்' மனக்கண்ணில் தெரிவதைச் சொல்வார். அப்புறம் ஒரு நடுவர், எந்த வர்ணனை எந்த இடத்துக்கு என்று பொருத்துவார். ஆச்சரியமான அளவுக்குப் பொருந்தியது, 1974-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் கட்டுரையும் வந்தது. நியூசிலாந்தில் பணியாற்றிய டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் கம்மன் என்ற இரு உளவியலாளர்கள் பின்னர் அந்தப் பதிவுகளைத் தேடிப் படித்தபோது விஷயம் வெளியே வந்தது. பேச்சுக்கு நடுவே முந்தைய நாள் போன இடங்களைப் பற்றிய குறிப்புகள் அப்படியே விடப்பட்டிருந்தன. அதை வைத்தே எது முதல் நாள், எது அடுத்த நாள் என்று வரிசைப்படுத்திவிடலாம். நடுவருக்கு மனக்கண் வேண்டாம், சாதாரணக் கண்ணே போதும்.

அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ராணுவம் மேரிலாந்தின் ஃபோர்ட் மீட் முகாமில் தன் சொந்தப் பார்வையாளர்களை உட்கார வைத்தது. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன: கிரில் ஃப்ளேம், சென்டர் லேன், சன் ஸ்ட்ரீக், கடைசியில் ஸ்டார் கேட். 1981 டிசம்பரில் இத்தாலியின் 'ரெட் பிரிகேட்ஸ்' தீவிரவாதிகள் அமெரிக்க பிரிகேடியர் ஜெனரல் ஜேம்ஸ் டோசியரைக் கடத்தியபோது மனக்கண் தகவல்கள் வந்து குவிந்தன. 42 நாள் கழித்து பாதுவா நகரத்தின் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து அவரை மீட்டது இத்தாலியப் போலீஸ், போலீஸ்காரர்கள் எப்போதும் செய்கிற விசாரணையை வைத்து. 1984 மே மாதத்தில் ஒரு பார்வையாளரிடம் மூடிய உறையைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். உள்ளே எழுதியிருந்தது செவ்வாய் கிரகம், காலம் கி.மு. 10 லட்சம். அவர் பிரமிடுகளையும், அழிந்துகொண்டிருக்கும் உயரமான ஒல்லியான மனிதர்களையும் பார்த்தார். அந்தப் பதிவை சிஐஏவே பின்னர் வெளியிட்டது. இதைச் சரிபார்க்க யாரை அனுப்புவது என்பதுதான் தெரியவில்லை.

எல்லாம் சேர்த்து ஆன செலவு சுமார் 2 கோடி டாலர். நமக்குத்தான் பெரிய தொகை. வருடத்துக்குப் பத்து லட்சம்கூட வராது. பென்டகன் பட்ஜெட்டில் சில்லறை. சில்லறை என்பதால் யாரும் கணக்குக் கேட்கவில்லை, ரகசியம் என்பதால் வெளியாள் கேட்க முடியவில்லை. இருபத்துமூன்று வருடம் ஓடியதற்கு இதற்குமேல் காரணம் வேண்டுமா என்ன?

எங்கள் ஊரில் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்க ஒருவர் வருவார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் போர் போட வேண்டும். என் அப்பா அவர் பேச்சைக் கேட்டு மூன்று இடத்தில் போட்டார். இரண்டில் புழுதி, ஒன்றில் தண்ணீர். இன்றைக்கும் ஊரில் அந்த ஒன்றைக் காட்டித்தான் அவர் பெயரைச் சொல்வார்கள். அந்த இரண்டு குழிகளைப் பற்றி அப்பாவே பேச மாட்டார். ஜிம்மி கார்ட்டர் 1995-இல் மாணவர்களிடம் சொன்ன கதை ஒன்று உண்டு. ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) விழுந்த விமானம் ஒன்றை செயற்கைக்கோளால் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு பெண்ணைக் கேட்டார்களாம், அவர் மயக்கநிலையில் சொன்ன அட்சரேகை தீர்க்கரேகையில் விமானம் கிடந்ததாம். முன்னாள் அதிபரே சொல்லிவிட்டாரே என்பார் உங்கள் நண்பர். அது தண்ணீர் வந்த குழி. மற்றக் குழிகளையும் எண்ணிப் பார்க்கும் வேலையை அதே 1995-இல் சிஐஏ ஒரு வெளி நிறுவனத்திடம் கொடுத்தது. மதிப்பிட்ட இருவரில் புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ், தற்செயலை மீறிய ஏதோ இருக்கிறது என்றார். உளவியலாளர் ரே ஹைமன், விளக்க முடியாத எண் வந்தாலே அது மனோசக்தி ஆகிவிடாது என்றார். இந்தச் சண்டை முடியவில்லை. ஆனால் அறிக்கையின் ஒரு வரி போதுமானதாக இருந்தது: இந்தத் தகவல்களை நம்பி ஒரு உளவு நடவடிக்கைகூட நடத்தப்பட்டதில்லை. கடையை மூடினார்கள்.

சித்தர்கள் விஷயம். உங்கள் நண்பர் மனதில் கொங்கணவர் இருப்பார் என்று நினைக்கிறேன். எச்சமிட்ட கொக்கை முறைத்தே எரித்தவர் ஆயிற்றே. ஆனால் அந்தக் கதையில் ஜெயிப்பது யார்? பிச்சை கொண்டுவரத் தாமதமானதற்கு முறைத்தவரைப் பார்த்து "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்று கேட்டாளே வாசுகி, அவள். அடுக்களையில் இருந்தபடியே காட்டில் நடந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபோர்ட் மீடில் வருடக்கணக்காக உட்கார்ந்து முயன்றது இதைத்தான். நம் ஆட்கள் இதைச் சித்தியின் பெருமைக்கான சான்றாகச் சொல்லவில்லை, சித்தி தலைக்கேறியவரைக் கேலி செய்யச் சொன்னார்கள் என்பது என் வாசிப்பு. அதற்காக நாம் ரொம்பச் சிரிக்கவும் வேண்டாம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கட்டி முடியாத வீட்டு வாசலில் பொம்மை தொங்கவிடுகிறவர்கள்தானே நாம்.

இனி உங்கள் கேள்வி. படம் ஏன் சப்பென்று ஆகிறது? கதை ஈராக்குக்குள் போனதும் சிரிப்பின் நிறம் மாறியிருக்க வேண்டும், இயக்குநர் கிராண்ட் ஹெஸ்லோவ் அதை மாற்றவில்லை. முகாமின் தண்ணீரில் போதை மருந்தைக் கலந்து, ஆடுகளையும் கைதிகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டுக் கதையை முடித்துவிடுகிறார். நிஜத்தில் கைதிகளை யாரும் அப்படித் திறந்துவிடவில்லை. 2003-இல் சிரிய எல்லைக்குப் பக்கத்தில், அல்-காயிம் என்ற ஊரில், பிடிபட்டவர்களைச் சரக்குக் கண்டெய்னருக்குள் அடைத்து, பார்னி என்ற ஊதா நிற டைனோசர் பாடும் குழந்தைகள் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைத்தார்கள். சானன் கையேட்டின் இரைச்சலிலிருந்து இதற்கு நேர்க்கோடு போட்டுவிட முடியுமா என்பது வாதத்துக்குரியது. ரான்சன் போடப் பார்க்கிறார், எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனால் அவர் கவனித்த இன்னொன்று கூர்மையானது. அந்தச் செய்தி அமெரிக்காவில் நகைச்சுவைத் துணுக்காகத்தான் ஓடியது. "எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தினமும் எங்களுக்குச் செய்யும் சித்திரவதைதானே இது" என்கிற மாதிரி. சிரித்து முடித்ததும் கண்டெய்னருக்குள் இருந்தவனைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மறு வருடம் ஏப்ரலில், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய புகைப்படங்கள் வந்த பிறகுதான் முகம் மாறியது.

புத்தகத்தில் முதல் அத்தியாயத்துச் சிரிப்பு கடைசியில் தொண்டையில் சிக்கும். படத்தில் சிக்குவதில்லை, அதுதான் எனக்குக் குறை. இத்தனைக்கும் திரைக்கதை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. முடிவில் பத்திரிகையாளராக வரும் ஈவன் மெக்ரெகர் ஊர் திரும்பி எல்லாவற்றையும் எழுதுகிறார். ஊடகங்கள் அதில் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றைத்தான், அந்த டைனோசர் பாட்டு. அவர் அதைச் சொல்லி எரிச்சல்படும் இடம் அரை நிமிடம்கூட வராது. உடனே எழுந்து சுவரை நோக்கி ஓட ஆரம்பித்துவிடுகிறார், நாமும் அவர் பின்னால் போய்விடுகிறோம். நண்பரோடு மறுபடி பார்த்தால் அந்த அரை நிமிடத்தில் திரையைப் பார்க்காதீர்கள், நண்பர் முகத்தைப் பாருங்கள். சிரிக்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.