தி.மு.க. பிறந்த கதை: இந்த முறை வந்த கேள்விகள்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தி.மு.க.வின் தொடக்க காலத்தைப் பற்றியவைதான். எப்போதும் சொல்வதையே மறுபடி சொல்கிறேன்: ஆண்டை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள், ‘ர்’ எங்கே வரும் எங்கே வராது என்று பாருங்கள்.

திராவிட கழகத்தை அண்ணா 1944-இல் தொடங்கினார் என்பது சரியா?

ஒரே வரியில் இரண்டரைத் தப்பு. முதலில், அது திராவிடர் கழகம். இரண்டாவது, அதன் தலைவர் பெரியார். 1938 டிசம்பரில், இந்தி எதிர்ப்புக்காகச் சிறையில் இருந்தபோதே நீதிக்கட்சி அவரைத் தலைவராக்கிவிட்டது. மீதி அரை, ‘தொடங்கினார்’ என்பது. 1944 ஆகஸ்ட் 27-இல் சேலத்தில் நடந்தது, இருந்த நீதிக்கட்சிக்குப் பெயர் மாற்றம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அண்ணா, அந்த அளவுக்கு நீங்கள் சரி.

நீதிக்கட்சிக்கு ஏன் அந்தப் பெயர்?

பத்திரிகையால். 1916-இல் பிறந்தபோது தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்று பெயர். அடுத்த வருஷம் ‘ஜஸ்டிஸ்’ என்று ஓர் ஆங்கில நாளேடு நடத்தினார்கள், மக்கள் அதையே கட்சிக்கும் பெயராக்கிவிட்டார்கள்.

தி.க.வில் ‘திராவிடர்’, தி.மு.க.வில் ‘திராவிட’. அச்சுப்பிழையா?

இல்லை, இதைக் கவனித்ததற்கே உங்களுக்கு நன்றி. ‘திராவிடர்’ மக்களைக் குறிக்கும். ‘திராவிட’ என்றால் நிலமும் சேர்ந்துவிடும், அங்கே வாழும் யாரும் உள்ளே வரலாம், பிராமணர் உட்பட. வேண்டுமென்றே எடுத்த எழுத்து அது.

பெரியார் மணியம்மையை மணந்ததால்தானே தி.மு.க. பிறந்தது?

இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. 1949 ஜூலையில் திருமணப் பதிவு, செப்டம்பர் 17-இல் தி.மு.க. இரண்டு தேதியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, இதுதான் காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். தீக்குச்சி எது என்று கேட்டால் சரி, அந்தக் கல்யாணம்தான். எழுபதை நெருங்கியவர், மணமகளுக்கு முப்பதை ஒட்டிய வயது, பொருந்தாத் திருமணத்தை மேடைக்கு மேடை கண்டித்த இயக்கம். தொண்டர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வைக்கோல் எப்போது காய்ந்தது? 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார், இன்ப நாள் என்று ‘திராவிட நாடு’ இதழில் எழுதினார் அண்ணா, அதுவும் தலைவரின் அறிக்கை வெளிவந்த பிறகு. கருஞ்சட்டையை எல்லாரும் எப்போதும் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்பதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தேர்தல் பக்கமே போகக் கூடாது என்பவர் ஒருவர், போகாமல் எப்படி என்று யோசிப்பவர் இன்னொருவர். நடுவில் சமாதானமும் ஆனது: 1948 அக்டோபர் ஈரோடு மாநாட்டுக்கு அண்ணாவையே தலைவராக உட்கார வைத்தார் பெரியார். அடுத்த வாரிசு இவர்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, இயக்கத்தையும் சொத்தையும் காக்கச் சட்டப்படியான ஏற்பாடு என்று சொல்லித் திருமணம் வந்தால், அது குடும்ப விஷயமா, வாரிசு விஷயமா? நான் வாரிசு விஷயம் என்பேன். விலகியவர்களைக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்று பெரியார் பல வருஷம் கேலி செய்தார். அவர்களோ தலைவர் நாற்காலியை அவருக்காகக் காலியாகவே வைத்துக்கொண்டு, பொதுச்செயலாளர் பதவியோடு கட்சியை நடத்தினார்கள். கட்சி தொடங்கிய 17-ஆம் தேதியும் அவர் பிறந்தநாள். வெறும் கல்யாணக் கோபம் என்றால் இதெல்லாம் எதற்கு?

கலைஞர் நிறுவனர்களில் ஒருவரா?

‘ஐம்பெரும் தலைவர்கள்’ என்ற பட்டியலில் இல்லை. அது அண்ணா, சம்பத், நெடுஞ்செழியன், மதியழகன், என்.வி. நடராசன். கலைஞருக்கு அப்போது வயது 25. மேலே சொன்ன காலி நாற்காலியில் 1969-இல் உட்கார்ந்தவர் அவர்தான்.

1952 தேர்தலில் தி.மு.க. எத்தனை இடம் வென்றது?

நிற்கவே இல்லை, அப்புறம் எங்கே வெல்வது? 1956 திருச்சி மாநாட்டில்தான் முடிவானது, அதுவும் தொண்டர்களிடம் வாக்கு எடுத்து. தேர்தலில் நிற்கலாம் என்பவர்களுக்குச் சிவப்புப் பெட்டி, வேண்டாம் என்பவர்களுக்குக் கறுப்புப் பெட்டி. சிவப்பில் விழுந்தது 56 ஆயிரம் சொச்சம், கறுப்பில் 4 ஆயிரம் சொச்சம். எந்தக் கட்சியும் இன்று இப்படிப் பெட்டி வைக்காது. அடுத்த வருஷம் 15 பேர் சட்டமன்றம் போனார்கள், 1962-இல் 50 (அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார்), 1967-இல் ஆட்சி.

தனிநாடு கோரிக்கையைச் சீனப் போருக்குப் பயந்து கைவிட்டார்களா?

போரின்போது ஒத்திவைத்தார்கள், கைவிட்டது 1963-இல். நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்க முடியாது என 16-ஆவது சட்டத்திருத்தம் வந்துவிட்டது. கோரிக்கையா, தேர்தலா என்றால் தேர்தல்.

அ.தி.மு.க.வின் ‘அ’ அனைத்திந்தியவா, அண்ணாவா?

1972-இல் அண்ணா மட்டும். ‘அனைத்திந்திய’ பிறகு ஒட்டியது.

என் ஆய்வேட்டுக்கு இதே பொருளில் 20 பக்கம் எழுதித் தர முடியுமா?

முடியாது. நூலகத்துக்குப் போய் ‘திராவிட நாடு’ பழைய கட்டுகளைக் கேளுங்கள். நான் பார்த்த ஒரு கட்டில், பைண்டிங் போட்டவர் ஓரத்தை நறுக்கியதில் மேலே இருந்த தேதி பாதி இதழ்களில் போய்விட்டது. அதனால் உள்ளே இருக்கும் கூட்ட அறிவிப்புகளைப் படித்துத் தேதியைக் கண்டுபிடியுங்கள். ஒரு வாரம் ஆகும். எனக்கு ஒன்பது நாள் ஆனது.