70 வயது ‘யங்’

கேள்வி: பிறந்து மூன்று நாளான குழந்தையைக்கூட ஆங்கிலத்தில் ‘த்ரீ டேஸ் ஓல்டு’ என்கிறார்கள். அப்புறம் ஏன் பெரியவர்களை ‘ஓல்டு’ என்றால் மட்டும் முகம் சுருங்குகிறது?

பதில்: குழந்தைக்குப் போடும் ஓல்டு வெறும் அளவுகோல். எண் இல்லாமல் தனியாக வரும்போதுதான் அது சுடுகிறது. என் 70வது பிறந்தநாளுக்கு வந்த வாழ்த்து அட்டையில் ‘செவன்ட்டி இயர்ஸ் யங்’ என்று அச்சடித்திருந்தது. அன்பாகத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் 70 என்பது மூடி மறைக்க வேண்டிய சமாசாரம் என்று அந்த அட்டையே சொல்லிவிட்டதே!

அதைவிட எனக்கு உறுத்துவது ‘ஸ்டில்’. ‘ஹி ஸ்டில் டிரைவ்ஸ்’ என்று 30 வயதுக்காரரைப் பற்றி யாரும் வியப்பதில்லை. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும், ‘இன்னுமா விடவில்லை?’ என்பது உள்ளே ஒளிந்திருக்கும். சாவியை எங்கே வைத்தோம் என்று 30 வயதில் தேடினால் மறதி. என் வயதில் தேடினால் ‘சீனியர் மொமென்ட்’.

போன வருடம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஊசியோடு வந்த நர்ஸ், ‘ஆர் வி ரெடி ஃபார் அவர் இஞ்செக்‌ஷன், யங் மேன்?’ என்றார். ‘நமக்கு’ என்றாரே தவிர, குத்தியது எனக்கு மட்டும்தான். பெரியவர்களிடம் இப்படிக் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பேசுவதற்கு ‘எல்டர்ஸ்பீக்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

சொற்களின் பூர்விகம் இன்னும் வேடிக்கை. லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். செனட், சீனியர், செனைல் மூன்றும் அந்த வேரில் பிறந்தவை. ஒரு பிள்ளை ஆட்சிக்குப் போனான், ஒருவன் பதவி உயர்வு வாங்கினான், மூன்றாமவன் புத்தி தடுமாறிப் படுத்துவிட்டான். (நம் ‘கிழவன்’ மட்டும் என்ன? உரியவன், தலைவன் என்று வாழ்ந்து கெட்ட சொல்தான்.) பெண்கள் பாடு இன்னும் மோசம். ஆபீசில் ‘தி ஓல்டு மேன்’ என்றால் முதலாளி. கிழவியைக் குறிக்கும் ‘க்ரோன்’ என்ற சொல்லோ, செத்த பிராணியின் உடலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

இந்த இளக்காரத்துக்கு ‘ஏஜிசம்’ என்று 1969இல் பெயர் சூட்டியவர் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். அப்போது அவருக்கே வயது 42தான். இப்போது ‘எல்டர்லி’யும் வேண்டாம், ‘ஓல்டர் அடல்ட்’ என்று எழுதுங்கள் என்கிறார்கள். சரி, எழுதலாம். ஆனால் இலக்கணப்படி ஓல்டைவிட ஓல்டர்தானே மூத்தது? பேச்சில் பாருங்கள், ‘ஆன் ஓல்டர் மேன்’ என்றால் ‘ஆன் ஓல்டு மேன்’ என்பவரைவிடப் பத்து வயதாவது இளையவர்!