பின்வாங்குவதும் பின்னடைவதும் ஒன்றா?

‘பின்வாங்குதல் என்றால் தோற்று ஓடுவதா? பின்னடைவும் அதுவும் ஒன்றுதானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு.

‘பின்வாங்குதல்’ என்ற சொல்லை எனக்குப் புரியவைத்தது ஏற்காடு மலைப்பாதைதான். அப்பா சேலத்தில் லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் நானும் ஏறிக்கொள்வேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருநாள் எதிரே இறங்கிவந்த கார்க்காரர் பதறிப்போய் வளைவிலேயே நிறுத்திவிட்டார். மலைக்குப் புதியவர் போல. கிளீனர் அண்ணன் குதித்து இறங்கி, கையில் கட்டையோடு பின்சக்கரத்துப் பக்கம் நின்று, “வாங்கு, வாங்கு... லெஃப்ட்ல ஒடிச்சு வாங்கு” என்று குரல் கொடுக்க, அப்பா கொஞ்சம் கொஞ்சமாக லாரியைப் பின்னால் எடுத்தார்.

“நமக்குத்தானேப்பா வழி?” என்றேன்.

“அவருக்குப் பின்னாடி எடுக்க வரல. தெரிஞ்சவன்தான்டா வாங்கணும்.”

இந்த ‘வாங்கு’ காசு கொடுத்து வாங்குவதல்ல. வாங்குதலுக்கு இழுத்தல், வளைத்தல் என்ற பழைய பொருள்கள் உண்டு. வில்லை வாங்கினான் என்றால் நாணை இழுத்து வளைத்தான். 2004 சுனாமியின்போது ‘கடல் உள்வாங்கியது’ என்று பேசினோமே, அங்கேயும் இதே வாங்குதான். அப்படிப் பார்த்தால், பின்வாங்குதல் தன்னைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொள்வது. பயந்தும் பின்வாங்கலாம், யோசித்தும் பின்வாங்கலாம். தோற்று ஓடுவதைச் சொல்லத்தான் ‘புறமுதுகு காட்டுதல்’ தனியாக இருக்கிறதே!

பின்னடைவு நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. வாக்கு எண்ணும் நாளில் ‘வேட்பாளர் பின்னடைவு’ என்றால் ஓட்டு குறைந்திருக்கிறது. ‘பின்வாங்கினார்’ என்றால் போட்டியே வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார். தேறிவந்த நோயாளிக்கு மறுபடி காய்ச்சல் கண்டால் அதுவும் பின்னடைவுதான்.

எழுதும்போது ‘முடிவிலிருந்து பின்வாங்கினார்’ என்று எழுதுங்கள். ‘படைகளைப் பின்வாங்கினார்கள்’ என்று செய்திகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். படைகள் பின்வாங்கின, அல்லது படைகளை விலக்கிக்கொண்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு முக்கியம். ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்பதற்குப் பதிலாகப் ‘பின்தங்கியோர்’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பின்தங்கினான் என்றால் அவன் நடை மெதுவாகிவிட்டது என்றுதான் காதில் விழும். பிற்படுத்தப்பட்டான் என்றால் அவனை யாரோ பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். தள்ளிய கை தெரிவது அந்தப் ‘படுத்தப்பட்ட’வில்தான். நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள்.