வளாகத்தில் வேலை பார்ப்பவர்களின் மனநலம்: கேள்வி பதில்

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் பதினெட்டு ஆண்டுகள் மனநல ஆலோசகராகப் பணியாற்றியிருக்கிறேன். மாணவர்களுக்காகத்தான் என்னை நியமித்தார்கள். ஆனால் மாலை ஐந்தரை மணிக்கு மேல், மாணவர்கள் போன பிறகு, கதவருகே தயங்கி நின்று "ஐந்து நிமிடம் பேசலாமா?" என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களுமே. அப்படிப்பட்டவர்களிடமிருந்து இந்த அமர்வுக்கு வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் தருகிறேன். கேட்டவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி (கண்காணிப்பாளர், நிர்வாகப் பிரிவு): ஆண்டுதோறும் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று யோகா பயிற்சியும் சிறப்புச் சொற்பொழிவும் ஏற்பாடு செய்கிறோம். பணியாளர்கள் வருகைப் பதிவில் கையெழுத்திட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் வர என்ன செய்வது?

பதில்: அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மேசையில் கோப்புகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வேலையை முடிக்க அன்று மாலை ஏழு மணி வரை இருக்க வேண்டியவர்களும் அவர்களே. உலக சுகாதார நிறுவனம் 2022இல் பணியிட மனநலத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தனிமனிதர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி தருவது அதில் ஒரு பகுதிதான். வேலைப் பளுவையும் வேலை நடக்கும் முறையையும் சீர்செய்வதும், மேலதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பதும் அதே நெறிகளில் உள்ளன. நம் வளாகங்களில் அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு யோகாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடி வகுப்புகள். துறையில் இரண்டு பணியிடங்கள் காலியாக இருந்தால் அந்த வகுப்புகளும் இருப்பவர்கள் தலையில்தான் விழும். அதற்கு மேல் கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் குழுவின் வருகைக்கான ஆவணங்கள், சேர்க்கைப் பணி, விடைத்தாள் திருத்தும் முகாம். இவ்வளவையும் அப்படியே வைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால், தாங்க முடியாததற்கு நீயே காரணம் என்று சொல்வதாகத்தான் கேட்பவர் காதில் விழும்.

ஒரு வளாகத்தின் தேர்வுப் பிரிவில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு பருவத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்திலும் இரண்டு மூன்று பேர் உடல்நலம் கெட்டு விடுப்பில் போவார்கள். அவர்களோடு உட்கார்ந்து, எந்த நேரம் மிகவும் கடினமாக இருக்கிறது என்று கேட்டோம். மதிப்பெண் பதிவு செய்யும் வேலையை யாரும் குறை சொல்லவில்லை. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே சாளரத்தில் மாணவர்கள் கூப்பிடுவதும், தொலைபேசியில் பெற்றோர் கோபப்படுவதும், அதனால் ஓர் எண் தவறினால் குறிப்பாணை வருமே என்ற பயமும்தான் அவர்களை வாட்டின. மதியம் இரண்டு மணி வரை சாளரத்தை மூடி, தொலைபேசிக்கு முறை வைத்து ஒருவரை மட்டும் அமர்த்தினார்கள். ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அடுத்த பருவத்தில், வீட்டுக்குப் போனால் சோறு இறங்குகிறது என்று ஓர் அம்மையார் என்னிடம் சொன்னார். அடுத்த அக்டோபரில் சொற்பொழிவுக்குப் பதிலாக ஒவ்வொரு பிரிவிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கௌரவ விரிவுரையாளர்): தொகுப்பூதியத்தில் ஏழாவது ஆண்டாக வேலை செய்கிறேன். இரவில் தூக்கம் வருவதில்லை. வகுப்புக்குள் நுழையும்போதே சலிப்பாக இருக்கிறது. இது வேலைக் களைப்பா, மன அழுத்தமா?

பதில்: மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை நாம் நெருக்கடிக்கும் பயன்படுத்துகிறோம், நோய்க்கும் பயன்படுத்துகிறோம். அதனால்தான் நோய் வந்தவர்கூட "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று தள்ளிப்போடுகிறார். ஆகவே பிரித்துச் சொல்கிறேன். நீண்டகாலப் பணி நெருக்கடியால் வரும் பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு ஒரு நோயாகக் கருதவில்லை. வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாகவே குறிப்பிடுகிறது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். மனச்சோர்வு நோய் வேலை நேரத்தோடு நிற்பதில்லை. பிள்ளையின் சிரிப்பிலும், பிடித்த பாட்டிலும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும்கூட மகிழ்ச்சி இல்லாமல் போய், தூக்கமும் பசியும் கெட்டு, தன்மீதே குற்றவுணர்வு ஏறி, பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பு வருமா என்பது ஏழு ஆண்டுகளாக உங்களுக்குத் தெரியாது. அந்த நிச்சயமின்மை உங்கள் மனத்தின் பலவீனம் ஆகாது. உங்கள் நியமனத்தின் தன்மை அது. அதை என்னால் மாற்ற முடியாது. ஆனால் நீட்டிப்பு ஆணையைக் கடைசி வாரம் வரை இழுக்காமல் இரண்டு மாதம் முன்பே தருவது நிர்வாகத்தால் முடிகிற காரியம். அதைச் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள். தூக்கத்துக்கு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வளாக ஆலோசனை மையத்துக்குப் போனால் துறைத் தலைவருக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: தெரியக்கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தன் 23ஆம் பிரிவில் மனநோயாளியின் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. பிறருக்கோ அவருக்கோ ஆபத்து நேராமல் காப்பது, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நீங்கள் முதல்முறை வரும்போதே ஆலோசகர் இந்த விதிவிலக்குகளை உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

ஆனால் சட்டம் சொல்வதை அறையின் அமைப்பே கெடுத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். நான் முதலில் உட்கார்ந்த அறை நிர்வாகக் கட்டடத்தில், மாடிப்படிக்கு எதிரே, கண்ணாடிக் கதவோடு இருந்தது. வாசலில் ஒரு நீளப் பதிவேடு. பெயர், துறை, வந்த நோக்கம் என்று மூன்று கட்டங்கள். ஓர் ஆண்டில் அதில் இருந்த பணியாளர் பெயர்கள் நான்கே நான்கு, நான்கிலும் நோக்கம் "பொது". பிறகு நூலகத்தின் பின்பக்கத்தில் ஓர் அறைக்கு மாறினோம், பதிவேட்டை எடுத்துவிட்டு எண் மட்டும் எழுதத் தொடங்கினோம், வாரத்தில் இரண்டு நாட்கள் மாலை ஏழு மணி வரை திறந்து வைத்தோம். அதன் பிறகுதான் ஓட்டுநர்களும் ஆய்வகப் பணியாளர்களும் வரத் தொடங்கினார்கள். உங்கள் மையத்தில் அப்படி ஒரு பதிவேடு இருந்தால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துப் பேசுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்தச் சேவை நாள் முழுதும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

கேள்வி (விடுதிக் காப்பாளர்): சென்ற பருவத்தில் எங்கள் விடுதி மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மற்ற மாணவர்களுக்கு ஆலோசகர்களை அழைத்து வந்தார்கள். என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் மட்டும் வந்தது. இப்போதும் இரவு ஒரு மணிக்கு எழுந்து மாடிகளைச் சுற்றி வருகிறேன்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு பிள்ளையை இழந்த துயரத்தில் இருப்பவரிடம் விளக்கக் கடிதத்தை மட்டும் நீட்டியது பெரும் தவறு. விசாரணை வேண்டியதுதான்; ஆனால் விசாரிப்பவரும் ஆறுதல் சொல்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும், இருவருமே வர வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு சம்பவத்துக்குப் பிறகு காப்பாளர், அறையைத் திறந்த காவலாளி, அந்தப் பிள்ளைக்குத் தினமும் சாப்பாடு பரிமாறிய சமையலர், அறையைச் சுத்தம் செய்ய அனுப்பப்பட்ட தூய்மைப் பணியாளர் என்று எல்லோரும் பாதிக்கப்படுகிறார்கள். கடைசியாகச் சொன்னவரை யாரும் நினைப்பதே இல்லை. அந்த அறை வேலையை அன்றே செய்யச் சொல்லி ஒருவரைத் தனியாக அனுப்பக்கூடாது என்பதையாவது எல்லா விடுதிகளும் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

நடந்ததைத் திரும்பத் திரும்ப விவரிக்கச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. அது நன்மை செய்வதில்லை. ஆனால் மாதங்கள் கடந்த பின்னும் இரவில் எழுந்து சுற்றுவதும், அந்தக் காட்சி கண்முன் வருவதும் சிகிச்சையால் குறையக்கூடியவை. மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவுப் பொறுப்பிலிருந்து சில வாரங்கள் விலக்குக் கேளுங்கள்; அதைக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா, இப்படி ஒருவரை இழந்தவர்களின் துயரத்துக்கும் காதுகொடுக்கிறது. உங்களுக்கே வாழ வேண்டுமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்று இரவே 14416ஐ அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

கேள்வி (துறைத் தலைவர்): என் துறையில் ஒருவர் மூன்று மாதமாக யாரிடமும் பேசுவதில்லை, மதியம் தனியாகவே சாப்பிடுகிறார். எப்படிக் கேட்பது? கேட்டால் கெட்டதை நானே நினைவூட்டியதாக ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று பரிவோடு நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலும் கேட்டவுடன் அவருக்கு ஒரு பாரம் இறங்குகிறது. உங்கள் மேசைக்கு எதிரே நிற்க வைத்துக் கேட்காதீர்கள். தேநீர் குடிக்கப் போகும்போது கூட நடந்து, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "சார், கொஞ்ச நாளாக நீங்கள் தனியாகச் சாப்பிடுவதைப் பார்க்கிறேன், எனக்குக் கவலையாக இருக்கிறது, எப்படி இருக்கிறீர்கள்?" பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும். அறிவுரையும், குடும்பத்தை நினைத்துப் பாருங்கள் என்ற வாசகமும் வேண்டாம். அவர் "ஒன்றுமில்லை" என்றால், சரி என்று விட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். ஆபத்தான எண்ணம் உண்டு என்று சொன்னால் அவரைத் தனியே விடாமல், அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி (இளநிலை உதவியாளர்): மனநல மாத்திரை தொடங்கினால் வாழ்நாள் முழுதும் விட முடியாதா?

பதில்: பலருக்கு அப்படி இல்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தேறிய பிறகும் சில மாதங்கள் தொடர்ந்து, பின் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைப்பார்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து சில வகைத் தூக்க மாத்திரைகளுக்கு உண்டு; அவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி (பேராசிரியர்): மனநிலை மிகை உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனை மனநோய்க்காக நான்கு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்து திரும்பப் போகிறேன். வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசு நிறுவனத்தில் பணிக்காலத்தில் அத்தகைய பாதிப்பு ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று அதன் 20ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வேலை பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணியைத் தர வேண்டும். ஒரு மத்தியக் காவல் படை அதிகாரியின் வழக்கில் 2021 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மனநோய் உள்ளவர்மீது அந்நோயோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாட்டின் ஒரு கூறு என்றது. சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

திரும்பும் முதல் மாதம் பற்றி இப்போதே துறைத் தலைவரிடம் பேசிவிடுங்கள். நோயின் பெயரைச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் இரவுத் தூக்கம் கெடக்கூடாது என்பதால் காலை முதல் வகுப்பும் இரவுப் பயணமும் கொஞ்ச நாள் வேண்டாம் என்று கேளுங்கள். உங்கள் நோய்க்குத் தூக்கம் மருந்துக்குச் சமம்.

கேள்வி (தட்டச்சர்): மேலதிகாரி இரவில் தவறான குறுஞ்செய்திகள் அனுப்புகிறார். மனம் அமைதியாக ஏதாவது தியானம் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, இதற்குத் தியானம் சொல்ல மாட்டேன். இது பாலியல் துன்புறுத்தல். செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் வளாகத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் அந்தக் கெடுவைக் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக் காலத்தில் இடமாற்றமோ, மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். அந்த விடுப்பு உங்கள் கணக்கில் உள்ள விடுப்பில் கழியாது. புகாரை எழுத உதவிக்கு உங்கள் ஆலோசகரையோ நம்பும் தோழியையோ உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தனியாக எழுத வேண்டாம்.

கேள்வி (கல்லூரி முதல்வர்): எங்களுக்கு ஆலோசகரை நியமிக்க நிதி இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் மாவட்டத்தில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சியில் தொடங்கிய திட்டம். மாவட்ட அரசு மருத்துவமனையில் அந்தக் குழுவைச் சந்தித்து, மாதத்தில் ஒரு நாள் மாலை உங்கள் வளாகத்துக்கு வர முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், போய்வர அனுமதி கொடுங்கள். இந்தப் பணியாளர்கள் உட்கார நிழலான ஓர் அறையும் குடிநீரும் இல்லாவிட்டால் அதை முதலில் செய்யுங்கள். பிறகு இரவு எட்டு மணிக்கு மேல் துறை வாட்ஸ்அப் குழுக்களில் வேலைச் செய்தி அனுப்புவதில்லை என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அதை முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர் நீங்கள்.