அருங்காட்சியகத்தின் தலைமேல் தோட்டம்: எத்தனை அடி மண் போடலாம்?

கேள்வி: கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். நிலத்தடி அருங்காட்சியகம், அதன்மேல் பொதுப் பூங்கா: இதுதான் என் ப்ராஜெக்ட். வாஷிங்டனின் ஈனிட் ஹாப்ட் தோட்டத்தை மாதிரியாக எடுத்திருக்கிறேன். மேலே மரம் வைக்க எவ்வளவு மண் வேண்டும்?

பதில்: நல்ல மாதிரிதான். ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அமைப்பின் கோட்டை வடிவக் கட்டடத்துக்குப் பின்னால் நாலு ஏக்கர் சொச்சத்தில் 1987இல் திறந்த தோட்டம் அது. கீழே ஆசியக் கலைக்கும் ஆப்பிரிக்கக் கலைக்குமான அருங்காட்சியகங்கள்.

புல்லுக்கு ஓர் அடி மண் போதும், புதர்களுக்கு இரண்டு. நடுத்தர மரத்துக்கு நாலு அடியாவது வேண்டும். சிக்கல் எடையில்தான். மழையில் ஊறிய சாதாரண மண் கன மீட்டருக்கு இரண்டு டன்னை நெருங்கும். நாலு அடி போட்டால் ஒரு சதுர மீட்டர் கூரை ஸ்லாப்பின்மேல் இரண்டு டன்னுக்கு மேல் நிற்கும். மக்கள் கூட்டத்துக்கு நாம் கணக்கில் எடுப்பதோ அரை டன்தான். எல்லா இடத்திலும் நாலு அடி கேட்டால் கீழே காட்சிக்கூடம் இருக்காது, தூண்கள்தான் இருக்கும். அதனால் மரங்களைத் தூண்களுக்கு நேர் மேலே வையுங்கள். நடுவில் தாழ்வான பூப்பாத்தி வரட்டும். ஹாப்ட் தோட்டத்தின் நடுப்பாத்தியும் 144 அடி நீளம், 66 அடி அகலத்தில் தாழ்வாகப் படர்ந்ததுதான். பருவத்துக்குப் பருவம் செடிகளை மாற்றுகிறார்கள். பெர்லைட் (சூட்டில் பொரிந்த, எடை குறைந்த எரிமலைக் கல்) கலந்த லேசான மண் எடையைக் கணிசமாகக் குறைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்: வாட்டர்ப்ரூஃபிங். நீர் வடிய ஸ்லாப்புக்கு நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிவு கொடுங்கள். அதன்மேல் மெம்ப்ரேன் என்ற நீர்புகா விரிப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி, கடைசியில் மண். மண் கொட்டுவதற்கு முன் இரண்டு நாளாவது தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் குழாய் துளைக்கும் இடத்திலும் விரிவு இணைப்பிலும்தான் (கான்கிரீட் சூட்டில் விரிய விடும் இடைவெளி) தொடங்கும். மெம்ப்ரேனை ஒரே விரிப்பாக விடாமல் கட்டம் கட்டமாகப் பிரித்து அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மூலையில் நுழைந்த நீர் எங்கேயோ போய்ச் சொட்டும். ஓட்டையைத் தேடி தோட்டம் முழுவதையும் தோண்டவேண்டி வரும்.

எவ்வளவு நல்ல மெம்ப்ரேனுக்கும் ஆயுள் உண்டு. ஸ்மித்சோனியன் 2014இல் அறிவித்த பெருந்திட்டம் இந்தத் தோட்டத்தையே அகற்றி மாற்றி அமைக்கப் பார்த்தது; சொன்ன காரணங்களில் கூரைக் கசிவும் ஒன்று. தோட்டப் பிரியர்கள் எதிர்த்தார்கள், திட்டத்தைத் திருத்தவேண்டியதாயிற்று. ஆகவே மெம்ப்ரேனை மாற்ற எந்தப் பகுதியை எப்போது பிரிப்பது, மண் அள்ளும் வண்டி எந்த வழியாக வரும் என்பதையும் வரைபடத்திலேயே காட்டுங்கள். அந்த வழியில் ஸ்லாப் வண்டியின் எடையையும் தாங்கவேண்டும். அப்புறம், ஆல், அரச வகை மரங்கள் பக்கமே போகாதீர்கள்; அவற்றின் வேர் மெம்ப்ரேனையும் ஸ்லாப்பையும் பதம் பார்த்துவிடும்.